விடங்கனாரின் வாய்த்துணி

நெடுமருதூர்க் கோயிலில் இறைவனுக்குச் சந்தனம் அரைத்துத் தருவது விடங்கனாரின் பணி. மூச்சும் எச்சிலும் பட்டுவிடக் கூடாதென்று, அரைக்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். அந்தத் துணியை அவர் அவிழ்த்தால் போதும், ஊரே ஒதுங்கும். அப்படியொரு கோபக்காரர். எதிரே நின்றவரைத் தாறுமாறாக வைதுவிட்டு, சந்நிதியில் போய் நின்று அழுவார். "என் கோபத்தை எடுத்துக்கொள், ஐயனே." மறுநாளும் அதே கதைதான்.

முப்பதாம் வயதில், சோறு கொண்டுவர நேரமாகிவிட்டதென்று மனைவி நங்கையாரைப் பலர் முன்னால் பிறந்த வீட்டையே இழுத்து வைதார். அம்மையார் அழவில்லை. "அந்தத் துணியக் கட்டாம என்னிக்கு உங்களால நல்லபடியாப் பேச முடியுதோ, அன்னிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அழைத்து வரப் போனவர் அங்கே மைத்துனரிடம் சண்டை போட்டுத் திரும்பினார். மறுபடி போனார், மறுபடியும் அதுவே. பிறகு தம்மையே நம்பாமல், பகல் முழுதும் துணியை அவிழ்ப்பதையே விட்டுவிட்டார். "வாயக் கட்டினா என்ன, கண்ணால வையறாரே" என்று பூக்கட்டுவோர் சிரித்தார்கள். அவரால் என்ன செய்ய முடியும்? இருபது ஆண்டுகள் அரைத்தார், வேண்டினார். கோபம் கொஞ்சமேனும் குறைந்ததா என்று கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பார். பாவம், தினம் அரைக்கிறவருக்குக் கட்டை தேய்வது எங்கே தெரிகிறது?

ஒரு திருவாதிரைக் காலை. துணியைக் காணோம். தேட நேரமில்லாமல் மேல்துண்டை வாயில் சுற்றிக்கொண்டு அரைத்து முடித்தார். துண்டு தோளுக்கு நழுவியதை அவர் கவனிக்கவில்லை. அந்நேரம் கூட்டத்தில் ஒரு பெண்ணின் கால் இடறி, கிண்ணம் கவிழ்ந்து சந்தனமெல்லாம் தரையில் கொட்டியது. பூசைக்கு மணியும் அடித்தாயிற்று. பூக்கட்டுவோர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கால்ல அடி பட்டுடுச்சாம்மா? செத்த நேரம் உட்காருங்க" என்றார் விடங்கனார், குனிந்து சந்தனத்தை வழித்துக்கொண்டே.

வழித்து முடித்து நிமிர்ந்தார். தலை நரைத்து, நங்கையார் நின்றிருந்தார்.

"உங்க வாயில துணி இல்லை" என்றார் அம்மையார்.

அவர் தம் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்போது சந்நிதியில் திரை விலகியது. அரைத்த சந்தனம் தரையில் கிடக்க, இறைவன் திருமேனியெங்கும் ஈரம் உலராத சந்தனம். திருவடியில், மடித்து வைத்தபடி, அந்தப் பழைய துணி.

கோபத்தை விடத் தம்மால் ஆகாது என்று அழுதுகொண்டே விட்டுவிட்ட அந்தப் பெரியவருக்கு, இன்னும் வாயடங்காத நாமெல்லாம் அடியோம்.