வயிற்றுவலிக்குப் பட்ட கண்ணேறு

முன்னொரு காலத்தில் வெற்றிக்குஞ்சரர் என்று ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு, எந்தக் கோட்டை என்று என்னைக் குடையாதீர்கள். பலாப்பழம் நன்றாகப் பழுக்கும் நாடு, நமக்கு அது போதும். அரசரிடம் வீரம் உண்டு, கொடை உண்டு, இரக்கமும் உண்டு. அவருக்கு வாயில் வராத சொல் ஒன்றே ஒன்றுதான், 'போதும்' என்பது. இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிறவன் கைதான் ஓய வேண்டும், அவர் வாய் ஓயாது.

அந்த வருஷம் பலா விளைச்சல் அமோகம். ஒருநாள் மத்தியானம் அரசர் ஒரு முழுப் பழத்தின் சுளைகளைத் தேனில் தோய்த்துத் தோய்த்து உள்ளே தள்ளினார். அதன் மேல் உளுந்து வடை, அதன் மேல் நெய்யப்பம், எல்லாம் அடங்கட்டும் என்று ஒரு செம்பு பாயசம். சாயங்காலம் வயிறு மத்தளமாகிவிட்டது. மேலே ஏப்பம், கீழே இரைச்சல், நடுவில் பிடித்து முறுக்கும் வலி. வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் திரட்டுப்பால் சாப்பிட்டார். வலி கூடிற்று.

நம் வீட்டில் ஒருவருக்கு இப்படி வந்தால், 'என்னத்தைத் தின்று தொலைத்தாய்?' என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுவோம். அரசரை யார் கேட்பது? அரண்மனை வைத்தியர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லங்கணம் பரம ஔஷதம் என்பார்கள், மன்னா. ஒரு பொழுது பட்டினி இருந்தால்..." என்று ஆரம்பித்தார்.

"பட்டினியா? நானா? என் நாட்டில் பிச்சைக்காரன்கூடப் பட்டினி கிடப்பதில்லை" என்று அரசர் சீறினார். வைத்தியர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வந்து சேர்ந்தவர் அரண்மனைச் சோதிடர் பஞ்சநாதர். பல்லி கத்தினால் பலன், பூனை குறுக்கே போனால் பரிகாரம், தும்மினால் தோஷம் என்று அரண்மனையையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தவர். அரசரின் வயிற்றைப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார்.

"மன்னா, இது உணவால் வந்ததன்று. கண்ணேறு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது தாங்கள் அறியாததா? தங்கள்மீது பட்டிருப்பது சாதாரணக் கண் அன்று, கொள்ளிக்கண்."

அரசருக்கு அப்பாடா என்றிருந்தது. தப்பு நம்முடையது இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

சோதனையும் உடனே நடந்தது. கண்ணேறு இருந்தால் சுற்றிப் போட்ட மிளகாய் நெடியே இல்லாமல் எரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலு தெருவிலும் வீட்டுக்கு ஒரு பிடி வற்றல் மிளகாய் வாங்கி வரச் சேவகர்கள் ஓடினார்கள். கல்லுப்போடு சேர்த்து அரசரைச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. ஒருவரும் இருமவில்லை, ஒருவரும் தும்மவில்லை.

"பார்த்தீர்களா" என்றார் பஞ்சநாதர், நெருப்பைக் காட்டி. அவ்வளவுதான், அரண்மனை வாசலுக்கு வாசல் பூசணிக்காய் தொங்கியது. பட்டத்து யானைக்கு எலுமிச்சை மாலை போட்டார்கள். அது அதைப் பிய்த்துத் தின்றுவிட்டது.

"யாருடைய கண்?" என்று கேட்டார் அரசர்.

பஞ்சநாதர் காத்திருந்ததே இந்தக் கேள்விக்குத்தான். அரசவையில் சீவலப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். அரசர் வாய்விட்டுச் சிரிப்பது அவன் பேச்சுக்கு, கையால் வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவனுக்கு. இதைப் பார்த்துப் பார்த்துப் பஞ்சநாதரின் வயிறு பல வருஷமாக எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலுக்கு யாரும் மிளகாய் சுற்றிப் போடவில்லை.

"நேற்று தாங்கள் அமுது செய்தபோது எதிரே அமர்ந்திருந்தவர் யார், மன்னா?"

"சீவலப்பன்."

"ஏதேனும் சொன்னானா?"

அரசர் யோசித்தார். "'கொட்டையையாவது எங்களுக்கு மிச்சம் வையுங்கள், மகாராஜா' என்றான். நான்கூடச் சிரித்தேனே."

"அந்தச் சொல்தான், மன்னா. அந்தப் பார்வைதான்."

சீவலப்பனை வரவழைத்தார்கள். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசினார். "சீவலப்பா, உன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் வலிப்பது என் வயிறு. நாளை உச்சிப்பொழுதுக்குள் இது தீராவிட்டால், உன் கண்ணைக் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பிறகு இந்த மண்ணை நீ மிதிக்கக் கூடாது." சொல்லும்போது அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்தால் அவனும் பார்ப்பானே என்ற பயம்.

சீவலப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி பேச்சியம்மை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாளியை ணங்கென்று வைத்தாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா கெடக்க முடியாதான்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? ராசா கொட்டையோட தின்னா உங்களுக்கென்ன, கொட்டையைத் துப்புனா உங்களுக்கென்ன?" அதற்குமேல் அவளுக்கும் சண்டை போட வரவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவியபடியே நின்றாள். "செவலை இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடும். இதை விட்டுட்டு எப்படிப் போறது? அக்கரையில நமக்குன்னு யாரு இருக்கா?"

ஊரையே சிரிக்க வைக்கிறவன் சொந்த வீட்டுத் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மெல்லக் கேட்டான். "ஏ பேச்சி, நெசமாவே என் கண்ணு கெட்ட கண்ணா இருந்துட்டா?"

"நல்லாக் கேட்டீக. நேத்து அந்த முருங்கையைப் பாத்து ஆகா ஓகோன்னு நின்னீக. இன்னைக்குப் போய்ப் பாருங்க, கொத்துக் கொத்தாப் பிஞ்சு விட்டிருக்கு. அட, மரத்தை விடுங்க. கட்டின நாள்லேர்ந்து என்னையப் பாத்துக்கிட்டுத்தான இருக்கீக, நான் என்ன எளைச்சா போயிட்டேன்?"

பேச்சியம்மை இளைத்தாள் என்று அவளுடைய பகையாளிகூடச் சொல்லமாட்டாள். சீவலப்பனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அப்ப மிளகாய் ஏன் கமறலை?"

"எப்படிக் கமறும்? நெருப்புல போடுறதுக்கு எவ நல்ல வத்தலைக் குடுப்பா? நானே பூசணம் பிடிச்ச சொத்தை வத்தலாப் பாத்துத்தான் அள்ளிக் குடுத்தேன். நாலு தெருவும் அதைத்தான் செஞ்சிருக்கும்."

இதைப் போய் அப்படியே சொன்னால் என்ன ஆகும்? சொத்தை மிளகாய் கொடுத்த குற்றத்துக்கு நாலு தெருவுக்கும் தண்டனை வரும். வலியும் தீராது. சீவலப்பன் யோசித்தான். முருங்கையைப் பார்த்தான். பேச்சியம்மையைப் பார்த்தான். 'கெட்ட கண் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்குக் கிளம்பினான்.

"மன்னா, சோதிடர் சொன்னது உண்மை. என் கண் பட்டது எதுவும் உருப்படாது. ஆகவே தங்கள் வயிற்றுவலியை நான் கொஞ்சம் பார்க்க அனுமதி வேண்டும்" என்றான்.

"வலியையா?"

"ஆம், மன்னா. வலியின்மேல் என் கண் பட்டால் வலிதானே வாடும்?"

அரசர் பஞ்சநாதரைப் பார்த்தார். பஞ்சநாதரால் மறுக்க முடியவில்லை. அந்தக் கண்ணுக்குச் சான்று கொடுத்தவரே அவர்தானே.

"ஒரு நிபந்தனை" என்றான் சீவலப்பன். "வயிற்றில் வலி தனியாக இருக்க வேண்டும். ஓர் அப்பம் உள்ளே இருந்தாலும் என் கண் அப்பத்தின் மேல்தான் போகும். எனக்கு அப்பம் என்றால் உயிர். ஆகையால் நாளைக் காலைவரை சீரகம் போட்ட வெந்நீர் தவிர வேறொன்றும் உள்ளே போகக் கூடாது. இன்னொன்று, வலியை நான் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். தாங்கள் நந்தவனத்தைச் சுற்றி நடக்க வேண்டும்."

வைத்தியர் சொன்னால் பட்டினி, விகடன் சொன்னால் பரிகாரம். அரசர் நடந்தார். சீவலப்பன் முன்னால் ஓடினான், பின்னால் வந்தான், பக்கவாட்டில் குனிந்தான்.

"ஆகா! இதுவல்லவோ வலி! பக்கத்து நாட்டு அரசனும் இருக்கிறானே, அவனுக்கு வருவது தலைவலி, அதுவும் அரைத் தலையில். இந்த ஏப்பத்தின் கம்பீரம் என்ன! இந்த இரைச்சலில் இருக்கும் ராஜகளை என்ன! இப்படி ஒரு வலி எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருக்கிறது, மன்னா."

அரசருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் நடை நிற்கவில்லை, வெந்நீரும் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அரசரின் வயிற்றில் அடைபட்டுக் கிடந்த காற்றுக்கு விடுதலை கிடைத்தது. கூட வந்த சேவகர்கள் மரியாதையாகச் சற்றுப் பின்தங்கினார்கள். அதைப் பற்றி இதற்குமேல் சொல்வது எனக்கு அழகில்லை.

விடிந்தது. வயிறு வயிறாக இருந்தது. வலி போன இடம் தெரியவில்லை. சபை கூடியதும் அரசர் சீவலப்பனைக் கூப்பிட்டு அணைத்துக்கொள்ளப் போனார். பஞ்சநாதர் குறுக்கே வந்தார்.

"பொறுங்கள், மன்னா. இப்போதுதான் ஐயம் திரிபறத் தெளிவாயிற்று. பார்த்தே ஒரு வலியை அழித்தான் என்றால், அந்தக் கண் எவ்வளவு கொடியது? நாளை தங்கள் கிரீடத்தை அழகு என்பான். மறுநாள் தங்கள் ஆயுளை நீளம் என்பான். இவனை இப்போதே அக்கரைக்கு அனுப்புவதே தகும்."

அரசரின் கை பாதியில் நின்றது. வலி தீர்ந்தாலும் குற்றம், தீராவிட்டாலும் குற்றம். சீவலப்பனுக்கு வீட்டில் நிற்கும் செவலையும் அதன் பக்கத்தில் நிற்கும் பேச்சியம்மையும் கண்முன் வந்தார்கள். பிறகு கைகூப்பினான்.

"சோதிடர் சொல்வது சரிதான், மன்னா. நான் போகிறேன். போகும் முன் ஒரே ஓர் ஆசை. எத்தனையோ வருஷம் ஒரே சபையில் இருந்தும் பஞ்சநாதரை நான் ஆசைதீரப் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்."

பஞ்சநாதர் ஓரடி பின்வாங்கினார். சீவலப்பன் கண்களை அகலத் திறந்துகொண்டு அவர் பக்கம் திரும்பினான்.

"ஆகா, என்ன குடுமி! இந்த வயதிலும் ஒரு நரை இல்லை."

பஞ்சநாதர் மேலாடையை இழுத்துக் குடுமியை மூடிக்கொண்டார்.

"என்ன பல்வரிசை! கரும்பைக்கூட அப்படியே கடிப்பாராமே."

பஞ்சநாதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அரண்மனையில்தான் எத்தனை செல்வாக்கு! வீட்டில்தான் எத்தனை நெல்! உடம்பில்தான் எத்தனை..."

பஞ்சநாதர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். சீவலப்பனும் தூணைச் சுற்றி வந்தான். அவர் மறுபக்கம் ஓடினார். "மன்னா, இவனைத் தடுக்க வேண்டும்" என்று கெஞ்சினார்.

"பார்க்கட்டுமே, பாவம். கடைசி ஆசை" என்றார் அரசர்.

பஞ்சநாதருக்குப் பொறுமை போய்விட்டது. "கண்ணேறாவது, மண்ணாவது! அப்படி ஒன்றும் இல்லவே இல்லை, மன்னா. பார்த்து யாருக்காவது வயிறு வலிக்குமா? ஒரு முழுப் பலாப்பழத்தை ஒரே ஆளாகத் தின்றால் வலிக்காமல் என்ன செய்யும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எல்லோரும் அரசர் முகத்தையே பார்த்தார்கள். அந்த முகம் முதலில் சிவந்தது. பிறகு மீசை துடித்தது. பிறகு அரசர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், வலியே இல்லாமல்.

"அப்படியானால் மிளகாய் ஏன் நெடி அடிக்கவில்லை?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாலு தெருவுக்கும் என் மனைவிக்கும் மன்னிப்பு உண்டென்றால் சொல்கிறேன், மன்னா" என்றான் சீவலப்பன். மன்னிப்புக் கிடைத்தது. சொத்தை வற்றல் கதையைச் சொன்னான். அரசர் சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அரண்மனையில் கட்டிய பூசணிக்காய்களைப் பஞ்சநாதரே தம் கையால் அவிழ்த்து நாலு தெருவுக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு ஆயிற்று. அன்று சாயங்காலம் ஊர் முழுக்கப் பூசணிக்காய்க் கூட்டு மணத்தது, நல்ல மிளகாய் கிள்ளிப் போட்டது. செவலையும் இக்கரையிலேயே கன்று போட்டது.

இன்னொரு பரிசும் உண்டு. இனிமேல் அரசர் சாப்பிடும்போதெல்லாம் சீவலப்பன் எதிரே உட்கார வேண்டும். மறுநாள் மத்தியானம் இலை போட்டார்கள். அரசர் ஓர் அப்பம் சாப்பிட்டார், இன்னோர் அப்பம் சாப்பிட்டார், மறுபடி கையை நீட்டினார். சீவலப்பன் வாயில் வெற்றிலையை மென்றபடி அந்த அப்பத்தைப் பார்த்தான்.

கண்ணேறு என்று ஒன்று இல்லை என்பது அரசருக்கும் தெரியும், சபை முழுக்கத் தெரியும். ஆனாலும் அவர் கை மெல்லத் திரும்பி வந்தது. தமக்குள்ளே சிரித்துக்கொண்டு, பரிமாறுகிறவனைப் பார்த்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"போதும்."