வலிக்கு எத்தனை மார்க்?

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் மூன்றாம் மாடியில் பல் பிடுங்கும் அறை. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்று குமரகுருவுடையது, மற்றது ரஹ்மத்துடையது. இருவரும் பேராசிரியை பியூலாவிடம் மேற்படிப்புப் படித்தார்கள்.

குமரகுருவுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடம் சொந்தமாக கிளினிக் நடத்தி, அதை மூடிவிட்டு வந்தவர். ரஹ்மத் இருபத்தாறு வயதுப் பெண். படிப்பு முடிகிற சமயத்தில் துறையில் ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. பியூலா யார் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் அது.

தனக்கே கிடைக்கும் என்று குமரகுரு நினைத்திருந்தார். வரிசையில் நிற்கிற சனம் அப்படி நினைக்கவில்லை.

"நேரமானாலும் பரவால்ல, அந்தப் பாப்பாகிட்டயே புடுங்கிக்கிறேன்" என்று டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். குமரகுருவுக்கு வயிறு எரியும். வாய் மரத்துப்போக ஊசி இருக்கிறது. வயிற்றெரிச்சல் மரத்துப்போக ஒன்றை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மேல்வரிசைப் பல்லை எடுக்க இருவரும் இரண்டு விதமாக ஊசி போட்டார்கள். குமரகுருவுடையது பழைய முறை. கன்னப் பக்கம் ஒன்று, உள்ளே அண்ணத்தில் ஒன்று. அண்ணத்து ஊசிதான் ஆளை உலுக்கிவிடும். ரஹ்மத் வேறொரு மருந்தைக் கன்னப் பக்கம் மட்டும் ஒரே ஊசியாகப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருப்பாள். எதில் வலி குறைவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இருவருக்கும் பியூலா கொடுத்திருந்த ஆய்வு. பல் எடுத்ததும் ஒவ்வொருவரும் தன் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று தாளில் மார்க் போடவேண்டும்.

அறுபது பேர் முடிந்ததும் குமரகுரு தாள்களைத் தூக்கிக்கொண்டு பேராசிரியையிடம் போனார்.

"மேடம், என் பக்கம் சராசரி ஒண்ணு. அவ பக்கம் நாலு."

"சரி."

"அண்ணத்துல குத்தியும் என்கிட்டதான் வலி கம்மி. அப்புறம் ஏன் எல்லாரும் அவகிட்டயே போறாங்க?"

"நீங்களே சொல்லுங்க."

"அவ நாற்காலி புதுசு மேடம். எனக்குக் கொடுத்தது கைப்பிடி ரெக்சின் எல்லாம் கிழிஞ்சு தொங்குது. மாத்தச் சொல்லி ஸ்டோருக்கு ரெண்டு தடவை எழுதிட்டேன்."

"குமரகுரு, உங்களுக்கு அவ மேல பொறாமையா?"

அவர் தாள்களைத் தட்டி அடுக்கினார். மறுபடியும் அடுக்கினார்.

"ஆமா மேடம். சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

பியூலா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "மேல கடைசிப் பல்லு ரெண்டு பக்கமும் சொத்தை. இடது பக்கம் நீங்க எடுங்க. அடுத்த வாரம் வலது பக்கம் அவ எடுக்கட்டும். அவங்கவங்க முறையிலயே."

மறுநாள் காலையில் பியூலா குமரகுருவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கன்னப் பக்கம் ஊசி போட்டார் குமரகுரு. பிறகு அண்ணத்தில் போட்டார்.

"வலிக்கலையே மேடம்?"

பியூலா இல்லையென்று தலையசைத்தார். பல் சுத்தமாக வந்தது. தாளை நீட்டியதும் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு வாரமும் அந்தத் தாள் குமரகுருவின் சட்டைப் பையிலேயே இருந்தது. சோறும் நன்றாக இறங்கியது.

அடுத்த வாரம் ரஹ்மத்தின் முறை. குமரகுரு வேலை இருப்பதுபோல அங்கேயே நின்றுகொண்டார்.

ஊசி இறங்கியதும் பியூலா கையை உயர்த்தினார். "ஸ்ஸ்... வலிக்குதும்மா."

ரஹ்மத் அப்படியே நிறுத்தினாள். "சரிங்க மேடம். மெதுவாப் போடுறேன்."

பத்து நிமிஷம் கழித்துப் பல்லில் குறடை வைத்தபோது மறுபடியும் கை உயர்ந்தது. ரஹ்மத் குறடைக் கீழே வைத்தாள். இன்னும் கொஞ்சம் மருந்து போட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் பல்லை எடுத்தாள். பியூலா தாளில் ஐந்து என்று எழுதினார்.

குமரகுருவுக்கு இனிப்பு வாங்கி அறை முழுக்கக் கொடுக்கலாம் போலிருந்தது. பியூலாவின் வாய் மரப்பு விடும்வரை பொறுத்திருந்து, இரண்டு தாளையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

"எனக்குப் பூஜ்யம், அவளுக்கு அஞ்சு. இப்ப ஒத்துக்கிறீங்களா மேடம்?"

பியூலா எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு பல் பிடுங்கும் அறைக்கு வந்தார். குமரகுருவின் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"இந்த ரெண்டு நாற்காலியும் ஒரே நாள்ல, ஒரே வண்டியில வந்து இறங்குச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

கைப்பிடி முழுக்க நகக் கீறல்கள். சில இடங்களில் உள்ளே இருந்த பஞ்சு தெரிந்தது. ஓரத்தில் புதிதாக நான்கு கீறல்கள் இருந்தன. பியூலா தன் நான்கு விரல்களையும் அவற்றின்மேல் வைத்துக் காட்டினார். சரியாகப் பொருந்தின.

குமரகுருவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "வலிச்சுதா மேடம்?"

"உயிரே போச்சு."

"அப்புறம் ஏன் பூஜ்யம் போட்டீங்க?"

"மாஸ்க்குக்கு மேல உங்க ரெண்டு கண்ணும் கெஞ்சுச்சே. எப்படி வேற போடுறது?"

குமரகுரு பக்கத்து நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். வழுவழுவென்றிருந்தது. அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"அவ போட்டதும் வலிச்சுதுதானே மேடம்? அஞ்சு போட்டிருக்கீங்களே."

"வலிச்சுது," என்றார் பியூலா. "அவகிட்ட சொல்ல முடிஞ்சுது."