கதவைத் தாண்டும் முதலாளி

கோவையில் பங்காரு முதலாளி என்று ஒருவர். பெரிய மனிதர், அதைவிடப் பெரிய வாய். அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூரை கிடையாது, கிளட்ச் மிதியும் கிடையாது. ஹைட்ராலிக் பம்ப்தான் கியரைப் போடும். மெக்கானிக் மயில்சாமி ஏறினால் கியர் விழும்; முதலாளி ஏறினால் விழாது. ஒருநாள் மயில்சாமியின் கடைக்கு வந்து, கூட்டம் கூடும்படி கத்தினார்:

"பம்புல என்னமோ பண்ணி வெச்சிருக்கே! ஸ்பேனரத் தொடாம இப்பவே சரி பண்ணு. இல்லேன்னா என் கட்டடத்தக் காலி பண்ணு!"

அங்கே வண்டி கழுவும் பவுனுத்தாயி வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க முதலாளி, ஒருக்கா ஏறிக் காட்டுங்க."

கூட்டம் பார்க்கிறதே! வழக்கம்போல் கதவைத் தாண்டிக் குதித்து உட்கார்ந்தார். கியர் விழவில்லை.

"இப்பக் கதவத் தொறந்து எறங்கி, எங்களாட்ட மறுக்கா ஏறுங்க."

முறைத்துக்கொண்டே திறந்தார். உடனே பம்ப் 'ங்ஙொய்' என்று முனகியது. ஏறினார், கியர் விழுந்தது.

"கதவு தொறந்தாத்தானுங்க பம்பு முழிச்சு கியருக்கு எண்ணெய ஏத்தும். கதவத் தொறந்து உள்ள தொடைக்கறப்பெல்லாம் இந்தச் சத்தத்தக் கேட்டிருக்கேன். பம்பு நல்லாத்தான் இருக்குது. நீங்க வந்ததுதான் அதுக்குத் தெரியல."

கூட்டம் சிரித்தது. கடை அங்கேயேதான் இருக்கிறது. முதலாளியும் இப்போது கதவைத் திறந்து, முனகல் கேட்கும்வரை பவுனுத்தாயியைப் பார்க்காமல் நின்று, பிறகுதான் ஏறுகிறார்.