சுண்ணாம்படிச்ச பாறை

ஒரு ஊர்ல, மலை கடல்ல கால் நனைச்சுக்கிட்டு நிக்கிற ஊர்ல, ஒரு ராசா இருந்தாராம். ஒருநாள் அவர்கிட்ட ஒரு சுறா வந்து அழுதுச்சாம். எப்படி வந்துச்சா? அலையில ஏறி வந்துச்சு, குறுக்கே பேசாதே.

"ராசாவே, என் சனமெல்லாம் வலையில போச்சு. வயித்துல ரெண்டு குட்டியோட நான் ஒருத்திதான் மிச்சம். ஒரு காவல் போடுங்க"ன்னுச்சாம்.

அந்நேரம் ஊத்துப் பாறையில இருந்து ஒரு பொடிக்குரல். "ராசாவே, நானும் ஒருத்திதான் மிச்சம்." யாருன்னு பாத்தா, ஈரல்பாசி. ஈரல் துண்டாட்டம் பாறையில ஒட்டிக்கிட்டிருக்கு, வேரும் இல்ல, பூவும் இல்ல.

சுறாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எனக்கு வாய் நிறையப் பல்லு. உனக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"நான் காத தூரம் நீந்துவேன். நீ?"

"நகரவே மாட்டேன்."

"என்னைக் கண்டா ஊரே ஓடும். உன்னைக் கண்டா?"

"கண்டாத்தானே அக்கா! யாரும் காண்றதே இல்ல. ஓடத் தெரிஞ்ச உனக்கே இந்தக் கதின்னா, ஓடத் தெரியாத நான் எங்கே போவேன்?"



ராசாகிட்ட இருந்ததோ ஒரே காவக்காரன், மொக்கையன். ஊரே அவனை மக்குன்னு சொல்லும். "நாளைக்கு நேர்ல வந்து பாத்துட்டு, யாருக்குக் காவல்னு சொல்றேன்"னாராம் ராசா.

ராசா வர்றார்னா மந்திரி சும்மா இருப்பாரா? "மொக்கையா, பாறை ஒரே அழுக்கு. தேங்கா நார் போட்டுத் தேய், தேய்ச்சுக் கழுவு, கழுவிச் சுண்ணாம்படி. மதியத்துக்குச் சுறாவைப் பிடிச்சுப் புட்டு அவி"ன்னாராம்! அவனும் தேய்ச்சான், கழுவினான், சுண்ணாம்படிச்சான், புட்டும் அவிச்சான்.

மறுநாள் ராசா வந்தார். "பாசி எங்கேய்யா?"

"சுத்தம் பண்ணியாச்சு மகாராசா!"ன்னார் மந்திரி.

"சுறா எங்கே?"

"இலையில இருக்கு மகாராசா!"

ராசா அழுதேவிட்டார், பாவம்.

மொக்கையன் தலையைச் சொறிஞ்சானாம். "அது வெறும் தேங்காப் புட்டுங்க. பிராது கொடுத்தவளையே அவிக்கலாமான்னு வலையில இருந்து அவுத்து விட்டுட்டேன். சுரண்டின பாசியையும் கொட்ட மனசு வரல, சட்டியில தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன்."

ராசா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "மொக்கையன் கடலுக்குக் காவல். சுண்ணாம்பைச் சுரண்டிட்டு, சட்டியில இருக்கிற பாசியைத் திரும்ப ஒட்டி வச்சு, அது பாறை முழுக்கப் படர்ற வரைக்கும் மந்திரி ஊத்தடியில உக்காந்து காவல்"னுட்டார்.

மந்திரி உக்காந்தார், உக்காந்தார், உக்காந்துக்கிட்டே இருந்தார். தண்ணி சொட்டிச் சொட்டி, பாசி அவர் வழுக்கைத் தலையிலயும் படர்ந்துருச்சாம். ராசா மறுபடி வர்றார்னு தெரிஞ்சதும் புது மந்திரி வந்தார், அந்தத் தலையைப் பாத்தார். "சே, என்ன அழுக்கு!"ன்னு தேங்கா நாரைக் கையில எடுத்தார்.

"ஐயோ, தேய்க்காதே! அழுக்கில்லடா, அது உசுரு!"ன்னு அலறினாராம் பழைய மந்திரி.

கதை கரையேறியாச்சு, கண்ணை மூடுங்க.