முன்வயலில் போட்ட கிடை

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்த வழக்கில் திருடன் இல்லை, பொய்யனும் இல்லை. மூன்று நல்ல மனிதர்கள்தான் இருக்கிறார்கள். சிக்கலே அதுதான்.

தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டி அமிர்தவல்லிக்கு இரண்டு சின்ன வயல்கள் இருந்தன. சாலையோரம் இருந்தது முன்வயல். வரப்பைத் தாண்டினால் பின்வயல். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில், சிவகங்கைப் பக்கத்திலிருந்து சாத்தையா தன் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். ராத்திரியில் அவற்றை வயலிலேயே அடைத்துப் போடுவார். இதைத்தான் கிடை போடுவது என்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு, கூலி நெல் சாத்தையாவுக்கு. வருடாவருடம் கிடை முன்வயலில்தான் நடக்கும். பின்வயலுக்கு வீட்டு மாடுகளின் சாணம் போதுமானதாக இருந்தது.

பிறகு மாடுகளை விற்றார்கள். மகள் கல்யாணத்துக்காக ஒரு மாசியில் முன்வயலையும் விற்றார்கள். வாங்கியவர் பெர்னத் என்ற பஸ் கண்டக்டர். வாடகை வீடு மாறி மாறிச் சலித்துப்போனவர், சொந்தமாக ஒரு வீடு கட்ட வாங்கினார்.

சாணம் நின்றதும் பின்வயல் கடை உரத்தையே தின்று இளைத்துப்போனது. போன போகத்தில் நெல்லைவிடப் பதர்தான் அதிகம். அமிர்தவல்லியின் கணவர் கலியமூர்த்தி மனசு விட்டுவிட்டார். "அடுத்த போகமும் இப்படின்னா இதையும் மனை போட்டுட வேண்டியதுதான்" என்றார். அமிர்தவல்லியும் தலையாட்டிவிட்டார். ஆட்டும்போதே அவர் மனசில் சாத்தையாவின் ஆடுகள் வந்து நின்றன. கிடை போட்டுவிட்டால் வயல் தேறிவிடும், விற்க வேண்டாம்.

சாத்தையாவைப் போனில் கூப்பிட்டு, "கூலி நெல்லப் பக்கத்து வீட்ல குடுத்து வச்சிருக்கேன், வந்து கிடையப் போடுங்கண்ணே" என்றார். முன்வயலை விற்றதை மட்டும் சொல்லவில்லை. வெட்கம். நிலம் விற்றவர்களுக்கு அந்த வெட்கம் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

சாத்தையா வந்தபோது அமிர்தவல்லியும் கணவரும் கும்பகோணத்தில் சம்பந்தி வீட்டில் இருந்தார்கள். முன்னால் நடந்த கிடாய் பழகிய இடத்தில் சாலையிலிருந்து இறங்கி நேராக முன்வயலில் போய் நின்றது. மூலைக்கு மூலை மஞ்சள் கல் நட்டிருந்தது. சாலைக்காரர்கள் நட்டதாக இருக்கும் என்று சாத்தையா நினைத்துக்கொண்டார். பேசிய ராத்திரிகள் முழுவதும் கிடை அங்கேயே நடந்தது. நடுவில் ஒரு கோடை மழை வேறு பெய்து எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

கடைசி ராத்திரி கழிந்த காலையில் அமிர்தவல்லி ஊர் திரும்பினார். வயலைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, அண்ணே! இது வித்துப்போன வயலு!"

சாத்தையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே தாயி. வழக்கமாப் போடுற எடத்துல போட்டுட்டேன். இன்னிக்குப் பொழுது சாய அடுத்த ஊருக்கு நடக்கணும், வாக்குக் குடுத்தாச்சு. வேலை செஞ்சதுக்கு நெல்லு வாங்கியிருக்கேன்."

"நெல்லையும் குடுத்தாச்சு, அப்ப என் வயலுக்கு?" அமிர்தவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்நேரம் கொத்தனாரை அழைத்துக்கொண்டு பெர்னத் வந்து சேர்ந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு முதலில் ஒரு சத்தம் போட்டார். இதெல்லாம் அருமையான உரம் என்று தெரிந்ததும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"என் எடத்துல விழுந்தது எனக்குத்தானக்கா? பின்பக்கம் ஒரு முருங்கை, ரெண்டு வாழை வைக்கலாம்னு இருக்கேன்."

புழுக்கையை மட்டும் கூட்டி அள்ளிக்கொள்ளலாம் என்றால், மழையோடு இறங்கிய மூத்திரத்தை எந்தக் கூடையில் அள்ளுவது? மூவரும் மாறி மாறிப் பேசினார்கள். கொத்தனார் தனபாலுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், மத்தியானம் ஜேசிபி வந்துரும். ரோடு மேடாயிருச்சு, மனைய ஒசத்தணும். இந்த வண்டல் மேல கட்டுனா தரை உள்வாங்கிரும். மேல்மண்ண வழிச்சிட்டுத்தான் கிராவல் கொட்டணும். சீக்கிரம் பேசி முடிங்க."

அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்களாவது போட்டுக்கொண்டீர்களா? சொல்லுங்கள்: நெல் யாருக்கு? அந்த உரம் யாருக்கு? மூவரில் யார் கேட்டது நியாயம்?

விடை: மூவர் கேட்டதும் நியாயம்தான். நெல் சாத்தையாவுக்கே சேரும், அவர் வேலையில் குறை இல்லை. மண் பெர்னத்துடையது, சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு வேண்டியது இடம், அந்த மண் அங்கே இருந்தால் வீடுதான் உட்காரும். ஆகவே முருங்கைக்கும் வாழைக்கும் பின்பக்கம் கொஞ்சம் விட்டுவிட்டு, மற்ற மேல்மண்ணை வழித்து வரப்புக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும். ஜேசிபிக்கு அது கூடுதல் வேலையும் இல்லை. விற்றதைச் சொல்லாத அமிர்தவல்லியும், கல்லைப் பார்த்தும் விசாரிக்காத சாத்தையாவும் பொழுது சாயும்வரை மண்வெட்டி பிடித்துப் பரப்ப வேண்டும். அப்படித்தான் செய்தார்கள். பரப்பும்போது அமிர்தவல்லி ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் மாமனார் காலத்திலிருந்து கிடை போட்டுச் சேர்த்த மண் அது. விற்ற வயல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அடுத்த போகத்தில் பின்வயல் நன்றாகவே விளைந்தது. கலியமூர்த்தி மனை பற்றி வாயே திறக்கவில்லை. பெர்னத் வீட்டில் பால் காய்ச்சிய அன்று அந்த அரிசியில்தான் சாப்பாடு. அடுத்த கோடையிலும் கிடாய் பழைய இடத்தில் சாலையிலிருந்து இறங்கி, பெர்னத் வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றதாம். பெர்னத்தின் மனைவி அதற்கு ஒரு கொத்து முருங்கைக் கீரையைப் போட்டு, பின்பக்கம் கையைக் காட்டி அனுப்பி வைத்தார்.