மாசிலாமணி அண்ணாச்சி உடம்பில் ஏறிய இரும்பு

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று தள்ளுவண்டியோடு எங்கள் தெருவுக்கு வருகிற பிச்சைக்கனி, அன்றைக்குத் தராசை எடுக்கவே பயந்தார். எதிர்வீட்டு மாசிலாமணி அண்ணாச்சி துண்டில் பிடித்து நீட்டியது தோசைக்கல். காலையில் தோசை சுட்ட சூடுகூட ஆறவில்லை.

"அண்ணாச்சி, அக்காவுக்குத் தெரியுமா?"

ஓட்டை வாளியோடு நின்ற எனக்கும் அதே சந்தேகம்தான்.

"அவளுக்கு என்ன தெரியும்? இந்தப் பழத்தோட மகிமை எனக்குல்லா தெரியும்! போன வருசம் ரத்தம் இல்லேன்னாரு டாக்டரு. ஒரு மாசம் இதைத் தின்னேன். மறுபடி ரத்தம் எடுக்கப் போனா ஊசி வளைஞ்சு போச்சு. நர்சம்மா ஊசி ஊசியா மாத்திப் பாத்துட்டு, கடைசியில ஆசாரியைத் துளை போடுற மெஷினோட வரச் சொல்லிட்டாங்க."

"டாக்டர் ரெண்டு பழம்தானே சொன்னாரு? இப்ப சுகர் ஏறிட்டதால அதையும் நிறுத்தச் சொல்லிட்டார்னு மதினி சொன்னாங்களே" என்றேன்.

"சுகராவது மண்ணாவது! நீ கேளு தம்பி. மலச்சிக்கல்னா என்னன்னே என் வயித்துக்கு மறந்துபோச்சு. அன்னைக்கு ரயில்வே கேட்டுல நிக்கேன், வந்த கூட்ஸ் வண்டி அப்படியே என் பக்கம் சாயுது! கேட்கீப்பர் கும்பிட்டு, ரெண்டு தெரு தள்ளி நிக்கச் சொல்லிட்டாரு."

"இரும்பு இரும்பை இழுக்குமா அண்ணாச்சி?" பிச்சைக்கனி கல்லைத் திருப்பி நீட்டினார்.

"அது வெறும் இரும்பு. இது பழத்துல ஊறின இரும்புடே. தராசுல வையி!"

"அப்ப மழையில நனைஞ்சா?" என்றேன் நான்.

"அதை ஏன் கேக்க? ஐப்பசி மழையில முழங்கால் துருப்பிடிச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சோம். அதாவது பரவாயில்ல. தூத்துக்குடி கடற்கரையில போய் நின்னேன். நடுக்கடல்ல போற கப்பல்ல எல்லாம் திசைகாட்டி முள்ளு என்னைத்தான் காட்டுது! அத்தனை கப்பலும் கரைக்கு வந்துட்டு. கேப்டன்மாரெல்லாம், 'ஐயா, நீங்க வடக்க போயி இருந்துக்கிடுங்க, எங்களுக்கு வசதியா இருக்கும்'னு கெஞ்சுறாங்க. வீட்டுல தோசைக்கு மாவு ஆட்டியாச்சு, வர முடியாதுன்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். வாசலில் அண்ணாச்சியின் மனைவி கனகு மதினி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, முழுக்கக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சியின் கை தானாகத் தோசைக்கல்லைப் பறிக்கப் போனது.

"இருக்கட்டும் பிச்சைக்கனி, எடை போட்டு எடுத்துக்கோ" என்றார் மதினி. "பழத்தை இந்தத் தம்பி வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துரு."

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. "எனக்கு ஒண்ணுகூட இல்லையா? சரி, ராத்திரி தோசைக்குக் கல்லுக்கு எங்க போவ?"

"உடம்பு பூரா இரும்பா வச்சுக்கிட்டு, தனியா ஒரு கல்லு எதுக்கு? உள்ள வந்து சட்டையைக் கழட்டிட்டு அடுப்பு மேல குப்புறப் படுங்க. முதுகுல ஊத்திக்கிடுதேன்."