கிணற்றில் விழுந்த முகூர்த்தம்

கொட்டாவிகுளத்துக்கு எப்படிப் போவது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது எதிரே வருகிற ஆளிடம் வழி கேட்டுத்தான் வருவார்கள். எதிரே வருகிற ஆளும் கொட்டாவிகுளத்துக்காரராக இருந்துவிட்டால், இரண்டு பேரும் சேர்ந்து வேறு ஏதாவது ஊருக்குப் போய்ச் சேருவார்கள்.

அந்த ஊரில் இட்லிக்கடை வைத்திருந்தவன் சொரிமுத்து. தங்கமான பையன். பையன் என்றால், தலை பாதி நரைத்த பையன். பார்த்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் பக்கத்து ஊர்ப் பலவேசம்தான் மனசு இறங்கினார். அவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, நாக்கில்தான் நம்பிக்கை. "வியாழக்கிழமை காலையில மகளைக் கூட்டிக்கிட்டு வாரேன். அவன் இட்லியத் தின்னு பாப்பேன். பிடிச்சிருந்தா அன்னைக்கே நாள் குறிச்சிருவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை விடிந்ததும் சொரிமுத்து அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டான். அன்றைக்குப் பார்த்துத்தானா ஊருக்குச் சாமியார் வர வேண்டும்? வந்தார் என்றால், அவர் போன பஸ்ஸுக்கு ஊர் முனையில் டயர் வெடித்தது. டயர் மாற்றுகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று அவர் கோயில் மைக்கைப் பிடித்தார்.

"நேற்று செத்துப்போனது. நாளை இன்னும் பிறக்கவில்லை. இந்தக் கணத்தில் மட்டும் இருங்கள். ஆனந்தம் தானாகத் தேடி வரும்" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். சாமியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டார். விளக்கம் கேட்க ஆளில்லை.

ஊர்ப் பெரியவர் வண்டிமலையான் உடனே கூட்டம் போட்டார். "இனிமே நம்ம ஊர்ல ஒருத்தரும் நேத்தைய நினைக்கப்பிடாது, நாளைய நினைக்கப்பிடாது. ஆனந்தம் தேடி வரும்போது நாம வேற நாள்ல இருந்துட்டோம்னா ஊருக்கே அசிங்கம்."

ஐகோர்ட்டு எழுந்தான். பிறந்தபோதே வைத்த பெயர். அன்றிலிருந்து கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. "அண்ணாச்சி, இந்த நாளைங்கது எங்க இருக்கு?"

"எங்க இருந்தா உனக்கென்னலே?"

"இருக்கிற இடம் தெரிஞ்சாத்தானே அந்தப் பக்கம் போகாம இருக்க முடியும்?"

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வெகுநேரம் யோசித்த பிறகு, அது சொரிமுத்து கடையில் ஆணியில் தொங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். ஊரில் தினசரிக் காலண்டர் அவன் கடையில் மட்டும்தான் உண்டு.

போய்ப் பார்த்தால், புதன்கிழமைத் தாளுக்கு அடியில் நாளைகள் கட்டுக் கட்டாக ஒளிந்துகொண்டிருந்தன. கிழித்த பழைய தாள்களை, வடை வைத்துக் கொடுப்பதற்காகச் சொரிமுத்து ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தான். அதுதான் நேற்று என்று தீர்ப்பாயிற்று. இரண்டையும் பிய்த்து ஊர்க்கிணற்றில் போட்டார்கள். புதன்கிழமை மட்டும் அட்டையில் ஒற்றைத் தாளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

சொரிமுத்து அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். ஆவணி மாதம். கரிநாள். கீழே அவனுடைய ராசிக்குப் பலன் போட்டிருந்தது: மீனம், தாமதம். மற்ற நாளாக இருந்தால், விடிந்ததும் கிழித்து எறிந்துவிடலாம். இனி இதற்குக் கீழே தாளே இல்லை.

ஊருக்கோ ஆனந்தம் அப்போதே வந்துவிட்டது. ஐகோர்ட்டு முகம் மழிக்க உட்கார்ந்தான். வலது பக்கம் முடிந்தது. முடிந்துபோனதை நினைக்கக் கூடாது. இடது பக்கம் இனிமேல்தான். அதையும் நினைக்கக் கூடாது. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அரை மீசையோடு சீட்டியடித்துக்கொண்டு கிளம்பினான்.

கிணற்றில் வாளியை இறக்கிய ஒரு பெண், "தூக்குறது அப்புறம் செய்ய வேண்டிய வேலைல்லா" என்று கயிற்றைக் கட்டிப் போட்டுவிட்டு வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போனாள். சுவர்த் தகராறில் பல வருஷமாகப் பேசாதிருந்த இரண்டு பங்காளிகள் பழசை மறந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிடியை விடுவது எதிர்காலம் என்பதால் அப்படியே நின்றார்கள். மத்தியானம் அவர்களுக்குச் சோறு ஊட்டிவிட வேண்டியதாயிற்று.

சொரிமுத்து உரலடியில் உட்கார்ந்து உளுந்தைப் போட்டான். வண்டிமலையான் வந்துவிட்டார்.

"ஏலே, எதுக்கு ஆட்டுத?"

"இட்லிக்கு அண்ணாச்சி."

"இட்லி எப்போ?"

சொரிமுத்துவுக்குப் பொய் வராது. "நாளைக்கு."

பின்னால் நின்ற கூட்டம் உச்சுக்கொட்டியது. "அண்ணாச்சி, மாவு புளிக்கணும்லா? இன்னைக்கு ஆட்டினாத்தான் உண்டு. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா நான் கடைசிவரைக்கும் தனிக்கட்டைதான்" என்று கெஞ்சினான்.

வண்டிமலையான் மனசு இளகினார். "ஆட்டக் கூடாதுன்னு சாமி சொல்லலை. ஆட்டு. ஆனா நாளைய நினைக்காம ஆட்டு. நான் எதிர்க்க உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துக்கிடுதேன்."

சொரிமுத்து குழவியைச் சுற்றினான். உளுந்து, உளுந்து என்று மட்டும் நினைத்தான். உளுந்து வெள்ளை வெளேரென்று பொங்கி வந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் பலவேசம் மகள் பிரம்மசக்தி பல் தெரியச் சிரித்தது ஞாபகம் வந்து, வாயோரம் லேசாக இளகிவிட்டது.

"நினைச்சிட்ட" என்றார் வண்டிமலையான். மாவை வழித்துச் சாக்கடையில் ஊற்றினார்.

மறுபடி போட்டான். மறுபடி இளகியது. மறுபடி சாக்கடை. கடைசியில் அழுதுகொண்டே ஆட்டினான். "இப்போ இட்லி கிடைக்காதேன்னு நினைக்கிற. அதுவும் நாளைதான்" என்று அதையும் ஊற்றினார். பொழுது சாய்வதற்குள் சட்டியில் ஊறின அரிசியும் உளுந்தும் கொஞ்சம்தான் மிஞ்சியது.

மறுநாள் காலை பலவேசமும் மகளும் வந்து இறங்கினார்கள். முதலில் எதிர்ப்பட்டவன் ஐகோர்ட்டு. பலவேசம் அவனை வலது பக்கமாகப் பார்த்துக் கடைக்கு வழி கேட்டார். அவன் கைகாட்டத் திரும்பினான். இடது பக்கம் தெரிந்தது. "உங்க தம்பிகிட்ட இப்பத்தான் கேட்டேன், அவரு சொல்றதுக்குள்ள போயிட்டாரு" என்று குறைப்பட்டுக்கொண்டார். பலவேசத்தின் ஊருக்கும் தண்ணீர் அதே குளத்திலிருந்துதான் போகிறது.

கடை வாசலில் வண்டிமலையான் தடுத்தார். "நீங்க வியாழக்கிழமை வாரதாத்தானே பேச்சு? இங்க புதன்தான் நடக்கு."

பலவேசம் காலண்டரை உற்றுப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. "ஏ பிரம்மசக்தி, அவசரப்பட்டுட்டோமே. ஒரு நாள் முந்தி வந்துட்டோம்."

"வந்தது வந்தாச்சு. பசிக்குல்லா. சீக்கிரம் வந்தவங்களுக்கு எதுவும் கிடையாதா?" என்றாள் அவள்.

சொரிமுத்து சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊறின அரிசியையும் உளுந்தையும் இலையில் வைத்துப் பக்கத்தில் சட்னி ஊற்றினான்.

"இது என்ன மாப்ளே?"

"இட்லிதான். நாளைக்குத்தான் மெத்துன்னு ஆகும். இந்தக் கணத்துல இப்படித்தான் இருக்கு."

பலவேசம் கடகடவென்று மென்றார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எத்தனையோ கடையில தின்னிருக்கேன். இவ்வளவு புதுசா ஒரு இட்லி தின்னது கிடையாது. எடுங்க காலண்டரை, முகூர்த்தம் பாப்போம்."

காலண்டரில் ஒரே நாள். அதுவும் கரிநாள். மற்ற நாளெல்லாம் கிணற்றில் கிடந்தன. ஐகோர்ட்டு ஓடிப்போய், முந்தின நாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த வாளியைத் தூக்கினான். வாளிக்குள் ஒரு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. நாதஸ்வரப் படம் போட்ட அசல் முகூர்த்த நாள். ஊரே கைதட்டியது.

ஐகோர்ட்டு தாளை வெயிலில் பிடித்து வாசித்தான். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இது மாசி மாசம். மாசி போயி நாளாச்சே."

வண்டிமலையான் நிதானமாக யோசித்தார். "முகூர்த்தம் மாசியில. மாசி முடிஞ்சிட்டு. அப்போ கல்யாணமும் முடிஞ்சிட்டு."

பலவேசம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பந்தல், பந்தி, மேளம் ஒண்ணுலயும் குறையில்லாம முடிஞ்சுதே. அது போதும்." கூட்டத்தில் ஒருவர், பாயசத்தில் மட்டும் இனிப்புக் கொஞ்சம் குறைவு என்றார்.

பிரம்மசக்தி விரல் மடக்கினாள். "மாசி, பங்குனி, சித்திரை... அப்பா, ஆவணியோட ஏழாம் மாசம். இவங்க யாருக்காவது வளைகாப்பு ஞாபகம் இருக்கா?"

ஊர் பதறிப்போயிற்று. நாலு பேர் வளையல் வாங்க ஓடினார்கள். இரண்டு பேர் புளியோதரைக்கு உலை வைத்தார்கள். ஐகோர்ட்டு உத்தரத்தில் தொட்டிலைக் கட்டிவிட்டு, பிள்ளை முழித்துவிடும், சத்தம் போடாதீர்கள் என்று எல்லோரையும் அதட்டினான்.

சொரிமுத்துவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆனாலும் மனசில் ஒன்று உறுத்தியது. வண்டிமலையானைத் தனியே கூப்பிட்டான். "அண்ணாச்சி, நான் தாலி கட்டினதே ஞாபகம் இல்லையே."

"நேத்து நடந்ததை நினைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

சொரிமுத்து அட்டையில் இருந்த ஒற்றைத் தாளைத் திரும்பப் பார்த்தான். மீனம், தாமதம். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. நேரே போய்ப் பலவேசம் காலில் விழுந்தான்.

"மாமா, மன்னிக்கணும். கொஞ்சம் தாமதமாயிட்டு. எங்க கல்யாணத்துக்கு என்னால வர முடியலை."

பலவேசம் அவனைத் தூக்கி நிறுத்தித் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"நாங்களும் ரொம்ப நேரம் பாத்தோம் மாப்ளே. பரவாயில்லை, அடுத்த கல்யாணத்துக்காவது நேரத்துக்கு வந்திரும்."